மத்தியஸ்தரின் நாற்காலி யாருடையது?
பொதுச்சேவைப் புகார்களும் 'நடுவில் நிற்பவர்' தேர்வும் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

அண்மையில் எங்கள் ஊர் நுகர்வோர் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பொதுச்சேவைகள் தொடர்பான புகார்களைப் பேசித் தீர்க்க மத்தியஸ்தர் பட்டியல் ஒன்று தயாராகிறதாம். பொதுவாழ்வில் நற்பெயர் உள்ள சிலரைச் சங்கம் பரிந்துரைக்க வேண்டுமாம். நண்பர்கள் என் பெயரை எழுதிவிட்டுப் பிறகுதான் என்னிடம் கேட்டார்கள். 'உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே தோழர்' என்றார்கள். இருக்கிறது. அந்த அனுபவம்தான் என்னைத் தயங்க வைக்கிறது. என் தயக்கம் தனிப்பட்ட கூச்சமா, அல்லது அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறதா என்று தேடிப் பார்த்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

1998ஆம் ஆண்டு. ஊர்ப் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். சங்கத்தின் வாசகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து, குடிநீர்க் கட்டணம், மின்கட்டணம் பற்றிய புகார்களைக் கேட்போம். சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து ஓர் ஊழியரும் வருவார். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. ஆனால் யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை. வீட்டிலேயே இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அக்கா ஒருநாள் வந்தார். வழக்கமாக 300 ரூபாய் வரும் குடிநீர்க் கட்டணம் அந்த முறை 2,400 ரூபாய். நாலு நாளைக்கு ஒருமுறை, அதுவும் ஒருமணி நேரம் தண்ணீர் வருகிற தெரு அது.

ஊழியர் மீட்டர் காட்டிய அளவைச் சொன்னார். அக்கா தன் வீட்டுக் குடங்களின் எண்ணிக்கையைச் சொன்னார். அரைமணி நேரம் போயிற்று. நான் சொன்னேன்: 'பாதி கட்டிடுங்கக்கா. மீதியைத் தள்ளுபடி பண்ணச் சொல்றேன். விஷயம் முடிஞ்சுரும்.' ஊழியர் உடனே ஒப்புக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: 'நான் புடிக்காத தண்ணிக்குப் பாதிக் காசு எதுக்குத் தம்பி?' என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அவர் கட்டினார். இணைப்பைத் துண்டித்துவிட்டால் கடை நின்றுவிடும்.

அதே தெருவிலிருந்து அடுத்த இரண்டு மாதங்களில் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் 'பாதி' பேசி முடித்தேன். பிறகொரு நாள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு குழாய்ப் பணியாளரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில், இடைப்பட்ட நாட்களில் குழாய் காலியாகக் கிடக்கும். அதில் காற்று நிறைந்திருக்கும். தண்ணீர் திறந்ததும் முன்னால் ஓடுவது காற்று. அது மீட்டரின் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிடும். சக்கரத்துக்குக் காற்றும் தண்ணீரும் ஒன்றுதான். தெருக்கோடியில் மேடான இடத்து வீடுகளில் இது அதிகம். நான்கு வீடுகளும் அங்கேதான் இருந்தன. நான்கு பேரும் காற்றுக்குக் காசு கட்டியிருக்கிறார்கள், பாதி விலையில்.

இதில் அந்த அலுவலகத்தைக் குறை சொல்வது சுலபம். ஆனால் பிழை என்னுடையது. நான்கு புகார்களும் என் கையில்தான் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். சேர்த்துப் பார்க்கவில்லை. ஏனென்றால் மத்தியஸ்தர் என்கிற இடத்தில் உட்கார்ந்தவுடன் என் கண்ணுக்கு முன்னால் இரண்டு பேர் மட்டுமே தெரிந்தார்கள், தெரு தெரியவில்லை.

2

இந்த இடம் எப்படி உருவானது?

1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் ஒரு நடுவரை ஏற்படுத்தியது. மீட்டர் சரியா தவறா என்று தகராறு வந்தால், இரு தரப்பில் யார் விண்ணப்பித்தாலும் மின் ஆய்வாளர் அதை முடிவுசெய்வார் என்றது அதன் 26ஆம் பிரிவு. பணம் கட்டாதவருக்கு ஏழு நாள் அறிவிப்புக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது 24ஆம் பிரிவு. ஆனால் அறிவிப்புக்கு முன்பே தகராறு ஆய்வாளரிடம் போயிருந்தால் அவர் முடிவு சொல்லும்வரை துண்டிக்கக் கூடாது என்ற தடையும் அதே பிரிவில் இருந்தது. காலனிய அரசு மக்கள்மீது கொண்ட கரிசனம் என்று இதை வாசிக்கத் தேவையில்லை. அன்று மின்சாரம் விற்றவை பெரும்பாலும் தனியார் கம்பெனிகள். சென்னையில் 1947இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை மின்சாரம் வழங்கியதும் ஒரு கம்பெனிதான். கம்பெனி ஒருபுறம், வீட்டுக்காரர் மறுபுறம், அரசின் ஆய்வாளர் நடுவில். குறைந்தபட்சம் மூன்று தனித்தனி உடம்புகள் இருந்தன.

1948இன் மின் வழங்கல் சட்டமும், 1957இல் உருவான தமிழ்நாட்டு மின்வாரியமும் (அன்று அது மதராஸ் மாநிலம்) இந்த வடிவத்தை மாற்றின. விற்பவரும் அரசின் உறுப்பு, ஆய்வாளரை நியமிப்பதும் அரசு. துறைகள் வேறு என்பது உண்மை. ஆனால் மூன்று உடம்புகள் இரண்டாகச் சுருங்கிவிட்டன என்பதும் உண்மை. தனியார் கம்பெனியைப் பொதுவுடைமையாக்கியதை நாம் வரவேற்றோம், சரியாகவே வரவேற்றோம். அப்போது 'நடுவர் எங்கே போனார்?' என்று கேட்க மறந்துவிட்டோம். இடதுசாரி மரபில் வந்த என்னைப் போன்றவர்களுக்கு இது கசப்பான கேள்வி. அதனாலேயே கேட்க வேண்டிய கேள்வி.

தொலைபேசியில் இது இன்னும் அப்பட்டம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி 7பி என்றொரு பிரிவு நுழைந்தது. கருவி, இணைப்பு தொடர்பான தகராறுகளை மத்திய அரசு நியமிக்கும் நடுவர் தீர்ப்பார். அவர் சொன்னதே முடிவு. எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. தொலைபேசியை நடத்தியதும் மத்திய அரசு, நடுவரை நியமித்ததும் மத்திய அரசு. அந்த நடுவர் தன் முடிவுக்குக் காரணமாவது எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1996 ஆயிற்று, எம்.எல். ஜக்கி வழக்கு அது. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் ஒரு சந்தாதாரர் ஏன் தோற்றார் என்பதைக்கூட அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருந்திருக்கிறது. 2009இல் இதே 7பி-யைக் காட்டி, தொலைபேசிக் கட்டணத் தகராறுகளுக்கு நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடப்பட்டது. வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022இல்தான் அந்தக் கதவு தெளிவாகத் திறந்தது.

இடையில் ஒரு வெளிச்சம் வந்தது. 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அரசு சேவைக்கும் பொருந்தும் என்று 1993இல் லக்னோ வளர்ச்சிக் குழுமம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொல்லை கொடுத்த அதிகாரியைக் கண்டுபிடித்து, இழப்பீட்டை அவரிடமிருந்தே வசூலிக்கலாம் என்ற அளவுக்குப் போனது அத்தீர்ப்பு. குடிமகன் அரசிடம் மனு கொடுப்பவன் என்ற நிலையிலிருந்து, கணக்குக் கேட்பவன் என்ற நிலைக்கு ஒரு கணம் நகர்ந்தான். அவன் 'நுகர்வோர்' என்ற பெயரில் நகர வேண்டியிருந்தது என்பதில் உள்ள முரணை நான் மறைக்கவில்லை. தாராளமயத்தின் சொல்லாடல் கொடுத்த பெயர் அது. கையில் கிடைத்த ஆயுதத்தில் யார் பெயர் பொறித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க எல்லோருக்கும் நேரம் இருப்பதில்லை.

3

இந்த வெளிச்சத்திற்குப் பிறகு வந்த பத்தாண்டுகளில்தான் 'பேசித் தீர்ப்போம்' என்ற குரல் சட்டமாகியது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மட்டும் சுட்டுகிறேன்.

1987இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் 2002இல் ஒரு தனி அத்தியாயம் சேர்ந்தது. போக்குவரத்து, அஞ்சல், தொலைபேசி, மின்சாரம், குடிநீர், துப்புரவு, மருத்துவமனை, காப்பீடு ஆகிய பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம். மாவட்ட நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர், அல்லது அதைவிட உயர்ந்த பதவி வகித்தவர் தலைவர். மற்ற இருவர் யார்? பொதுப்பயன்பாட்டுச் சேவையில் 'போதிய அனுபவம்' உள்ளவர்கள் என்கிறது சட்டம். இந்தச் சொற்சேர்க்கையைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். சேவையில் அனுபவம் என்றால் சேவையை நடத்திய அனுபவம் என்றே முதலில் பொருள்படும். நாற்பது வருஷம் குடத்தோடு வரிசையில் நின்ற அனுபவம் அனுபவமாகாதா? சட்டம் ஆகாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடத்தைக் கற்பனை செய்யவும் இல்லை.

இன்னொன்று. இங்கே முதலில் சமரசப் பேச்சு. அது முறிந்தால் அதே மூவரும் தீர்ப்புச் சொல்வார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அவர்களைக் கட்டுப்படுத்தாது. மேல்முறையீடு கிடையாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டுமே போட முடியும். இந்த ஏற்பாட்டை 2012இல் இந்திய வழக்கறிஞர் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. விரைவு, செலவின்மை என்ற அதன் வாதங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. இட்லிக்கடை அக்காவால் பத்தாண்டு வழக்கு நடத்த முடியாது. ஆனால் 'விட்டுக்கொடுங்க' என்று சொல்கிற வாயே அரைமணி கழித்துத் தீர்ப்பும் சொல்லும் என்று தெரிந்த பிறகு, ஒருவர் எப்படி விட்டுக்கொடுக்க மறுப்பார்?

2003இன் மின்சாரச் சட்டம் வேறொரு மேடை போட்டது. ஒவ்வொரு விநியோக நிறுவனமும் குறைதீர்க்கும் மன்றம் அமைக்க வேண்டும், அதற்குமேல் மின்குறைதீர்ப்பாளர். அமைப்பது நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு நடைமுறையில் இந்த மன்றத்துக்குத் தலைமை தாங்கி வந்தவர் அந்த மின்பகிர்மான வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின்நுகர்வோர் உரிமை விதிகளும் மன்றத்தின் தலைமையை நிறுவனத்தின் அதிகாரிக்கே கொடுத்து, நுகர்வோர் பிரதிநிதிகளைச் சுற்றிலும் உட்கார வைத்தன. நல்ல பொறியாளர்கள் நியாயமாக நடந்த சம்பவங்கள் எனக்கே தெரியும். என் கேள்வி ஆட்களின் குணம் பற்றியது அல்ல. நாற்காலி யார் வீட்டிலிருந்து வந்தது என்பது பற்றியது.

பிறகு 'மத்தியஸ்தர்' ஒரு தொழிலாக உருவெடுத்தார். 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்தது. நீதிமன்றத்தோடு இணைந்த இவ்வகை மையங்களில் இந்தியாவிலேயே முன்னோடி அது. வழக்கறிஞர்கள் நாற்பது மணிநேரப் பயிற்சி பெற்று மத்தியஸ்தர்கள் ஆனார்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர் ஆணையங்களோடு மத்தியஸ்தப் பிரிவுகளை இணைத்தது. அதன் பட்டியலில் இடம்பெறத் தகுதியானவர்கள்: ஓய்வுபெற்ற நீதிபதிகள், அனுபவமுள்ள வழக்கறிஞர்கள், பயிற்சிபெற்ற மத்தியஸ்தர்கள், நீண்டகால அனுபவமுள்ள வல்லுநர்கள், ஓய்வுபெற்ற மூத்த அதிகாரிகள். 2023இன் மத்தியஸ்தச் சட்டத்தில் சமூக மத்தியஸ்தம் பற்றிய அத்தியாயம், சமூகத்தில் மதிப்புக்குரியவர்களை நாடுகிறது. மதிப்புக்குரியவர்! நம் ஊர்களில் அந்தச் சொல் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடியும் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆலமரத்தடியும் சொம்பும் நாட்டாமையும் சினிமாவில் மட்டும் வாழவில்லை.

4

ஆகவே மத்தியஸ்தமே ஏமாற்று என்று முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதல்ல.

மானுடவியலாளர் லாரா நாடர் மெக்ஸிகோவின் ஒஹாகா மலைப்பகுதியில் ஸபோடெக் மக்களிடையே பல்லாண்டு ஆய்வு செய்து, 1990இல் 'இணக்கக் கருத்தியல்' பற்றிய நூலை வெளியிட்டார். இணக்கம் இரண்டு பக்கமும் வெட்டும் என்பது அவர் காட்டியது. காலனியமும் சமயப் பரப்பலும் அந்த மக்களை அடக்கி வைக்க இணக்கத்தைப் போதித்தன. அதே மக்கள், 'எங்களுக்குள் தகராறே இல்லை' என்ற முகத்தைக் காட்டி, அரசைத் தங்கள் ஊருக்குள் நுழையவிடாமல் தடுக்கவும் அதே இணக்கத்தைப் பயன்படுத்தினார்கள். இங்கே 1949 முதல் குஜராத்தின் ரங்கப்பூரில் ஹரிவல்லப் பாரிக் ஆதிவாசிகளிடையே நடத்திய மக்கள் நீதிமன்றத்தை உபேந்திர பக்ஷி 1970களில் ஆராய்ந்தார். அங்கே வழக்கு திறந்தவெளியில், ஊரே பார்க்க நடந்தது. பேச்சு ரகசியமல்ல; அதுதான் அதன் பலம்.

வேறுபாடு எங்கே? கிராமத்தில் இருவர் சண்டையில் இருவரும் நாளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள். குடிநீர்க் கட்டணப் புகாரில் அப்படி இல்லை. மார்க் கலான்டர் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வழக்காடுபவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார்: வாழ்வில் ஒருமுறை வந்து போகிறவர்கள், திரும்பத் திரும்ப வருகிறவர்கள். இரண்டாம் வகையினருக்கு ஒரு வழக்கில் தோற்பது பொருட்டல்ல; நூறு வழக்கில் விதி எப்படி அமையும் என்பதே கணக்கு. இந்திய மக்கள் நீதிமன்றங்களைப் பற்றி அவரே பின்னாளில் ஜெயந்த் கிருஷ்ணனோடு சேர்ந்து விமர்சனமாக எழுதினார். இட்லிக்கடை அக்கா ஒருமுறை வருகிறவர். ஊழியர் அடுத்த சனிக்கிழமையும் வருவார். நான்? நானும் அடுத்த சனிக்கிழமை வருவேன். ஊழியருக்கும் எனக்கும் டீ ஒரே கடையிலிருந்துதான் வரும். யாரும் லஞ்சம் கொடுக்காமலே, யாரும் கெட்டவராக இல்லாமலே நடு சாய்ந்துவிடுகிறது. அதிகாரம் நுண்மையானது என்று நாமெல்லாம் ஃபூக்கோவைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது டீ கிளாஸ் அளவுக்கு நுண்மையானது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இன்னும் முக்கியமானது ரகசியம். மத்தியஸ்தத்தில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது அடிப்படை விதி. 1996இன் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்திலும் 2023இன் சட்டத்திலும் எழுதப்பட்ட விதி. கணவன் மனைவி வழக்கில் அது கருணை. பொதுச்சேவையில்? ஒரு மீட்டர் காற்றில் ஓடுகிறது என்றால் அது அந்த வீட்டின் அந்தரங்கம் அல்ல, தெருவின் சேதி. தீர்ப்பாக வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் காட்டலாம். சமரசமாக முடிந்தால் அது அந்தக் கோப்போடு கட்டி வைக்கப்படும். நான்கு புகார்கள் நான்கு சமரசங்களாகிவிட்டால், ஐந்தாவது வீட்டுக்காரர் தன்னந்தனியாக, முதல் ஆளாக வந்து நிற்பார்.

பொதுச்சேவைப் புகார் என்பது இரண்டு பேர் சண்டை அல்ல. அதை இரண்டு பேர் சண்டையாக மாற்றுகிறவர்தான் இன்றைய வடிவிலான மத்தியஸ்தர். 'நடு' என்பதை 'பாதி' என்று புரிந்துகொண்டது என் பிழை மட்டுமல்ல. அந்த இடம் கற்றுத்தருகிற கணக்கே அதுதான். குறளில் 'நடுவு நிலைமை' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே உவமையாக வருவது துலாக்கோல், கத்தி அல்ல. துலாக்கோல் எடை பார்க்கும், பாதியாக வெட்டாது.

5

கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது? 'போக மாட்டோம்' என்று ஒதுங்குவது நம் கைகளைச் சுத்தமாக வைத்திருக்கும். அந்த நாற்காலியில் ஓய்வுபெற்ற அதிகாரி உட்காருவார். 'போகிறோம்' என்று மட்டும் எழுதினால் நான் 1998இல் செய்ததையே முத்திரையோடு செய்வேன். ஆகவே சங்கத்தில் நான் முன்வைத்தவை இவை. விவாதத்துக்காக இங்கும் வைக்கிறேன்.

முதலாவது, பேச்சு முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. 1910ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு வகையில் ஒத்துக்கொண்டது இது. 2003இன் சட்டத்தின் 56ஆம் பிரிவும், ஆட்சேபத்தோடு கட்டணத்தையோ முந்தைய ஆறுமாதச் சராசரியையோ கட்டியவரின் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்கிறது. குடிநீருக்கும் அதே விதி வேண்டும். கழுத்தில் கத்தி இருக்கும்போது கொடுக்கும் சம்மதம் சம்மதமல்ல.

இரண்டாவது, மீட்டர் பதிவு, சோதனை அறிக்கை, அந்தத் தெருவின் மற்ற புகார்கள் எல்லாம் பேச்சுக்கு முன்பே மேசைக்கு வர வேண்டும். வராவிட்டால் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப்போட்டு வாங்கிய பிறகுதான் உட்காருவோம்.

மூன்றாவது, பேசியவர்களின் பெயர் ரகசியமாக இருக்கட்டும். பழுது ரகசியமாக இருக்கக் கூடாது. எந்தத் தெரு, என்ன வகைப் புகார், எப்படி முடிந்தது என்ற பட்டியல் மாதந்தோறும் வெளிவர வேண்டும். 2019இன் சட்டப்படி மத்தியஸ்தப் பிரிவுகள் தாம் கையாண்ட வழக்குகளின் பட்டியலைப் பராமரிக்கக் கடமைப்பட்டவை. பராமரிப்பதை ஏன் சுவரில் ஒட்டக் கூடாது?

நான்காவது, மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவராவது அந்தச் சேவையை வாங்கிச் சிரமப்பட்டவராக, பெண்ணாக, மதிப்புக்குரிய தெருவுக்கு வெளியே இருந்து வந்தவராக இருக்க வேண்டும். நாற்பது மணிநேரப் பயிற்சியை அவருக்கும் கொடுக்கலாம். முடிந்தால் மற்ற இருவருக்கும் அவர் நாலு மணிநேரம் பயிற்சி கொடுக்கட்டும்.

ஐந்தாவது, ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரிப் புகார் மூன்று வந்தால் மத்தியஸ்தம் அங்கே நிற்க வேண்டும். அது இனி சமரசத்துக்குரிய விஷயமல்ல, விசாரணைக்குரிய விஷயம். எழுந்து வெளியே போகிற உரிமை மத்தியஸ்தருக்கும் உண்டு என்பதை நியமன உத்தரவிலேயே எழுதி வாங்குவோம்.

இவற்றில் எத்தனையை ஏற்பார்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். ஒன்றைக்கூட ஏற்காமல் போகலாம். அப்போது பட்டியலில் என் பெயர் இருக்காது; ஆனால் ஐந்து நிபந்தனைகளும் அவர்களது கோப்பில் இருக்கும், எங்கள் வாசகசாலைச் சுவரிலும் இருக்கும்.

அந்த அக்காவைச் சென்ற மாதம் பார்த்தேன். கடையை இப்போது மகள் நடத்துகிறார். பழைய கதையை நானாகவே எடுத்து, காற்று விஷயத்தைச் சொல்லி, என் தப்பு என்றேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 'அப்பவே பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தா வந்திருப்போமே தம்பி, நீங்கதான் ஒவ்வொருத்தரா வரச் சொன்னீங்க' என்றார்.

ஆமாம். ஒவ்வொருவராக வரச் சொன்னது நான்தான்.